குர்துபாவின் அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி

அறுவை மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுவோர் உலக வரலாற்றில் ஒரு சிலரே. நம் நாட்டுச் சுசுருதர் அவருள் ஒருவர். அந்தலூசியா எனப்பட்ட முஸ்லிம் ஸ்பெயினில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி மற்றொருவர். பின்னவரைப் பற்றி இத்தகைய மலர்களில் அவ்வப்போது கட்டுரைகள் வருவதுண்டு. அவர் வரைந்து காட்டிய கருவிகளின் எண்ணிக்கையும் ஐரோப்பா அவருக்குப் பட்ட கடனும் கூறி அவை பெரும்பாலும் நிறைவுறும். யானும் அவ்வழியிலேயே ஒன்று எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று அப்பெருமகனாரிடம் வேறொரு வாயில் வழியாக என்னை அழைத்துச் சென்றது.

என் தாயாருக்குப் பித்தப்பையில் கற்கள் இருந்தன. சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு மருத்துவமனையில், வயிற்றைப் பெரிதாகக் கீறாமல் சிறு துளைகளின் வழியே செய்யப்படும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பை அகற்றப்பட்டது. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு அவர்களுக்கு வலத் தோளில் வலி கண்டது. அறுத்த இடம் வயிறு, வலியோ தோளில். நெஞ்சு வலியாக இருக்கலாமென அஞ்சி, தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தோம். வலி மேலும் ஏறியது. உடனிருந்த என் சிறிய தாயார் இது வாயுப் பிடிப்பே என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். பயனில்லை. தமக்கு நேரம் வந்துவிட்டது என்று கருதிய என் தாயார், ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்து ஸம்ஸம் நீரில் நனைத்து உலர்த்தி வைத்திருந்த கஃபன் துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொன்னார்கள். அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் அமானிதமாகக் கொடுத்து வைத்திருந்த பணம் எவ்வளவு, அது எங்குள்ளது என்பதையும் சொன்னார்கள். அந்தத் தொகையைத் தவறாகக் கேட்டுக்கொண்டேனோ என்ற அச்சத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது இன்றும் என் நினைவில் நிற்கிறது.

நள்ளிரவில் ஆட்டோவில் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இ.சி.ஜி.யில் குறையில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலப்பக்கத்து உதரவிதானத்தின் கீழே, மூன்றாம் பிறை போன்ற மெல்லிய கருங்கீற்று ஒன்று தெரிந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவர் அதைச் சுட்டிக்காட்டி, அது காற்று என்றும், அறுவையின்போது உட்செலுத்தியதில் எஞ்சியது என்றும், தானே கரைந்துவிடும் என்றும் விளக்கினார். தலையணைகளை எடுத்துவிட்டுத் தட்டையாகப் படுக்க வைக்கச் சொன்னார். பகலில் சற்று நடக்கவும் சொன்னார். படுத்த சிறிது நேரத்தில் வலி தணிந்தது. முதல் மருத்துவமனையில் எவரேனும் ஒருவர் இதனை முன்னரே இரண்டு வாக்கியங்களில் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

இதன் காரணத்தைப் பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்தேன். சிறு துளை வழியே அறுவை செய்ய வேண்டுமாயின் உள்ளே இடம் வேண்டும். ஆதலின் சில லிட்டர் கரியமில வாயுவைச் செலுத்தி, வயிற்றுச் சுவரைக் கூடாரம் போல் உயர்த்துகின்றனர். அவ்வாயு தீப்பற்றாது, இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சின் வழியே வெளியேறிவிடும். வேலை முடிந்ததும் அதனை வெளியேற்றினாலும் சிறிதளவு தங்கிவிடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் அது மேலேறி உதரவிதானத்தின் அடியில் நிற்கும். உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு கழுத்தில் 3, 4, 5ஆம் வேர்களிலிருந்து புறப்படுகிறது. தோளின் தோலுக்குரிய நரம்புகளும் ஏறத்தாழ அவ்விடத்திலிருந்தே வருகின்றன. எனவே உதரவிதானம் உறுத்தப்படும்போது மூளை அதனைத் தோளின் நோவாகக் கொள்கிறது. கரியமில வாயு பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் மறைந்துவிடும். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் புகுவது வெளிக்காற்று. அதன் பெரும்பகுதி எளிதில் கரையாத நைட்ரஜன் ஆதலால் ஒரு வாரமும் அதற்கு மேலும் தங்குவதுண்டு. அறுவை ஏதும் செய்யாதவர் வயிற்றில் இதே பிறைக் கீற்று தென்பட்டால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் பதறி எழுவர். அறுவைக்குப் பின்னரோ அது பொதுவாகப் பொறுத்திருந்து பார்க்க வேண்டிய ஒன்று. என் சிறிய தாயார் வாயு என்றது சரியே. ஆனால் அவ்வாயு குடலுக்குள் இல்லை, குடலுக்கு வெளியே நின்றது. ஓமம் அங்கே செல்லாது.

வயிற்றுக் காற்றைப் பற்றிப் பழைய மருத்துவர்கள் என்ன நினைத்தார்கள் என்ற ஆவல் இதனால் பிறந்தது. அந்த ஆவலே அஸ்ஸஹ்ராவியின் நூலில் கொண்டு போய் நிறுத்தியது.

அவரது முழுப்பெயர் அபுல் காசிம் கலஃப் இப்னுல் அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி. மதீனாவின் அன்சாரிகள் வழிவந்த குடும்பம் ஆதலின் அல்அன்சாரி என்றும் வழங்கப் பெற்றார். லத்தீன் மொழியார் நாவில் அப்பெயர் அல்புகாசிஸ் எனத் திரிந்தது. அவர் பிறந்தது 936 என்பது பெருவழக்கு. கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான், தலைநகர் குர்துபாவுக்கு மேற்கே மலையடிவாரத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரை எழுப்பத் தொடங்கியதும் அவ்வாண்டே. அந்நகரின் பெயரே நம் மருத்துவரின் பெயராயிற்று. குர்துபாவிலிருந்து அது ஏறத்தாழ 8 கிலோமீட்டர். சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர் இருக்கும் தொலைவில் ஏறக்குறையப் பாதி. மேற்குப் புறநகர்வாசிகளான நமக்கு அவரும் ஒரு புறநகர்வாசி என்பதில் சிறு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அவருடைய புறநகர் பளிங்குத் தூண்களாலானது, நம்முடையது தொழிற்பேட்டைகளாலானது.

அவர் வளர்ந்த காலம் குர்துபாவின் பொற்காலம். 961 முதல் 976 வரை ஆண்ட இரண்டாம் ஹகம் நூல் திரட்டுவதையே பெருவேட்கையாகக் கொண்டவர். அவரது நூலகத்தில் 4 லட்சம் ஏடுகள் இருந்தன என்பது மரபுச் செய்தி. எண்ணிக்கை எதுவாயினும், கிரேக்க மருத்துவ நூல்கள் அரபியில் அங்குக் கிடைத்தன என்பதில் ஐயமில்லை. அஸ்ஸஹ்ராவியின் அறிவு இரண்டு ஊற்றுகளிலிருந்து பெருகியது. முன்னோர் நூல்களைத் தாகத்தோடு படித்தது ஒன்று. வாழ்நாள் முழுதும் தம் கையால் செய்து கண்டது மற்றொன்று. இதனை அவரே தம் நூலில் தெரிவிக்கிறார். அவர் மனைவி மக்கள் பற்றியோ நண்பர் பகைவர் பற்றியோ செய்திகள் இல்லை. அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் அல்ஹுமைதி என்னும் அறிஞர் அந்தலூசியப் பெருமக்கள் வரலாற்றில் சில வரிகள் எழுதி வைத்தார். இப்னு ஹஸ்ம் அவருடைய நூலைப் புகழ்ந்துள்ளார். எஞ்சிய வாழ்க்கையை நாம் அவருடைய நோயாளிகளிடமிருந்தே அறிய வேண்டும்.

அந்நூல் சுருக்கமாக அத்தஸ்ரீஃப் எனப்படும். 30 பாகங்கள் கொண்ட மருத்துவக் களஞ்சியம். மருந்து, உணவு, நோய்க்குறி எனப் பலவும் கூறி, இறுதி 30ஆம் பாகத்தை அறுவைக்கு ஒதுக்கினார். சூடிடுதல், கத்தியால் செய்யும் சிகிச்சை, எலும்பு முறிவு என அது மூன்று பிரிவாக அமைந்தது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் உண்டு. கற்போரைத் தம் பிள்ளைகளே என்று அழைத்து அவர் எழுதிச் செல்வது ஆசிரியத் தொழிலில் உள்ள எவரையும் தொடும்.

அப்பாகத்தின் முன்னுரை வியப்புக்குரியது. வெற்றிகளைப் பறைசாற்றி அவர் தொடங்கவில்லை. பிறர் கையில் மாண்டவர்களின் கதைகளைச் சொல்லித் தொடங்குகிறார். உடற்கூறு அறியாத ஒரு மருத்துவர் பெண்ணொருத்தியின் கழுத்துக் கட்டியைக் கீறி நாளத்தை அறுத்துவிட, அவள் இரத்தம் பெருகி இறந்தாள். மற்றொருவர் முதியவர் ஒருவரின் நீர்ப்பையிலிருந்து பெரிய கல்லை எடுக்கப் போய், நீர்ப்பையின் துண்டையும் சேர்த்து எடுத்துவிட்டார். முதியவர் மூன்று நாள் அளவில் இறந்தார். இவற்றைக் கூறிவிட்டு, எது பெரும்பாலும் நலமாக முடியும், எது பெரும்பாலும் ஆபத்தில் முடியும் என்பதைப் பிரித்தறியாமல் கத்தியைத் தொடக்கூடாது என்று கட்டளையிடுகிறார். இடங்களுக்கேற்ப அவ்வெச்சரிக்கையை நூலெங்கும் நினைவூட்டுகிறார்.

காற்றைப் பற்றி அவர் கூறுவனவற்றுள் மூன்று இடங்கள் என் கருத்தைக் கவர்ந்தன.

முதலாவது, பெருவயிறு என்றும் மகோதரம் என்றும் நம் மருத்துவர் வழங்கும் நோய். அரபு மருத்துவர் அதனை மூன்றாக வகுத்தனர். தோற்பையில் நீர் நிறைந்தது போன்றது ஸிக்கீ; தட்டினால் முரசு போல் ஒலிக்கும், காற்று நிறைந்தது தப்லீ; உடலெங்கும் தசை ஊதியது லஹ்மீ. இம்மூன்றில் நீர் நிறைந்ததற்கு மட்டுமே இரும்பைக் கொண்டு வைத்தியம் செய்யலாம். முரசு வயிற்றுக்குக் கத்தி கூடாது என்கிறார். நீரைக்கூட ஒரே தடவையில் வடிக்கக் கூடாது. வடித்தால் நோயாளி மயங்கி இறப்பான். ஆதலின் சிறிது வடித்து நிறுத்தி, வலிமை நோக்கி மீண்டும் வடிக்க வேண்டும் என்கிறார். அதற்குரிய குழாயையும் வரைந்து காட்டுகிறார். கையில் கூரிய கருவி இருந்தும், தட்டிப் பார்த்து, இங்கே இது வேண்டாம் என்று கீழே வைத்த மருத்துவர் அவர்.

இரண்டாவது, வயிறு கிழிந்து குடல் வெளிவந்த காயம். போர்களும் பூசல்களும் மலிந்த அக்காலத்தில் இது அரிதன்று. வெளிவந்த குடலை உடனே உள்ளே தள்ள இயலாது போவதற்கு அவர் இரண்டு காரணங்கள் காட்டுகிறார். காயத்தின் வாய் சிறிதாக இருக்கலாம். அல்லது குளிர்ந்த காற்றுப் பட்டதால் குடல் வாயு நிறைந்து ஊதியிருக்கலாம். ஊதியதற்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்த கடற்பஞ்சால் ஒத்தடம் கொடுத்து ஊதலைத் தணிக்க வேண்டும். அதுவும் பயன்படாவிடில் மட்டுமே காயத்தின் வாயைச் சிறிது பெரிதாக்க வேண்டும். அடுத்து அவர் கூறுவது நோயாளியைக் கிடத்தும் முறை. காயம் வயிற்றின் கீழ்ப்பகுதியில் இருந்தால் மல்லாத்திக் கால்களைத் தலையினும் உயர்த்துக. மேற்பகுதியில் இருந்தால் தலையையும் மார்பையும் உயர்த்துக என்கிறார். காயம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். குடல் தன் எடையால் தானே உள்ளே சரிய வேண்டும். இவ்விடத்தைப் படித்தபோது தலையணைகளை அடுக்கிய எங்கள் அறியாமையை எண்ணிக்கொண்டேன். கிடத்தும் முறையும் ஒரு மருந்து என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்!

வயிற்றைத் தைக்க நான்கு தையல் முறைகளை அவர் கூறுகிறார். குடலில் சிறு கிழிசல் இருந்தால் அதன் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துப் பெருந்தலை எறும்புகளைக் கடிக்கவிட்டு, கடித்ததும் உடலைக் கிள்ளியெறிந்தால் தலை மட்டும் தையலாக நிற்கும் என்கிறார். சுசுருத சம்ஹிதையிலும் இம்முறை உண்டு. விலங்கின் குடலிலிருந்து உரித்தெடுத்த மெல்லிய நாராலும் தைக்கலாம் என்று அவர் சேர்க்கிறார். உடல் தானே கரைத்துக்கொள்ளும் குடல்நூல் 20ஆம் நூற்றாண்டு முழுதும் உலக மருத்துவமனைகளில் பயன்பட்டது.

இதே இயலில் அவர் ஒரு நோயாளியை நமக்கு அறிமுகம் செய்கிறார். கத்தியால் வயிற்றில் குத்தப்பட்டவன். காயம் பெரியது, குடல் வெளியே வந்து 24 மணி நேரம் கழிந்திருந்தது. பார்த்த மருத்துவர்கள் பிழைக்கமாட்டான் என்று தீர்ப்பளித்துவிட்டனர். அஸ்ஸஹ்ராவி குடலை உள்ளே அமைத்தார். அவர் அப்போது இருந்த இடத்தில் களிம்போ மருந்தோ கிடைக்கவில்லை. பழைய பஞ்சை நாளுக்கு இருமுறை காயத்தில் வைத்தும், தேன் கலந்த நீரால் கழுவியும் பேணினார். ஏறத்தாழ 15 நாள்களில் காயம் ஆறியது. அம்மனிதன் பல்லாண்டுகள் உயிரோடிருந்து தன் தொழிலைச் செய்து வந்தான். இந்நிகழ்ச்சியில் என்னைக் கவர்வது அறுவையன்று. அந்த 15 நாள்களும், நாளுக்கு இருமுறை வைத்த பஞ்சும்தான்.

மூன்றாவது, தொண்டைக் காற்று. அடிமைப் பெண் ஒருத்தி தன் கழுத்தில் தானே கத்தியைப் பாய்ச்சிக்கொண்டாள். அழைக்கப்பட்ட அஸ்ஸஹ்ராவி, அறுபட்ட விலங்கு போல் அவள் ஒலியெழுப்பக் கண்டார். இரத்தம் சிறிதே கசிந்திருந்தது. பெருநாளம் எதுவும் அறுபடவில்லை. காயத்தின் வழியே காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. விரைந்து தைத்தார். அவள் பிழைத்தாள், குரலில் சிறிது கரகரப்பு நின்றது, அவ்வளவே. மூச்சுக்குழாயைத் திறப்பது மரணம் என்று அஞ்ச வேண்டியதில்லை என்னும் முடிவுக்கு இதிலிருந்து வந்தார். ஓர் அடிமைப் பெண்ணை அவர் மறக்காமல் நூலில் ஏற்றியது ஒருபுறமிருக்க, அக்காற்றொலியைக் கேட்ட செவியின் கூர்மையை என்னென்பது! சிலர் கேட்டிருந்தால் ஓலமாக மட்டுமே கேட்டிருக்கும்.

வேறு நோயாளிகளும் அந்நூலில் உலவுகின்றனர். கருவில் இறந்த குழந்தையின் எலும்புகள் தொப்புளருகே சீழ்க்கட்டி வழியே வெளிவந்த பெண்ணைப் பற்றிய குறிப்பு, கருப்பைக்கு வெளியே கருவுறுதல் பற்றிய மிகப் பழைய பதிவுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சிறு காயத்திலும் ஆண்கள் இரத்தம் பெருகி இறக்கும் ஓர் ஊரைப் பற்றியும் எழுதினார். இன்று அந்நோயை ஹீமோஃபிலியா என்கிறோம். பெண்களுக்கு அறுவை செய்கையில் தேர்ந்த பெண் மருத்துவரை, அவர் கிடைக்காவிடில் மருத்துவச்சியைத் துணையாகக் கொள்ளச் சொன்னார்.

அவரது முதுமை அமைதியாகக் கழியவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டு, 1010 அளவில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. அவர் வயதும் அந்நகரின் வயதும் ஏறத்தாழ ஒன்று. நகரம் அவருக்கு முன்னே இறந்தது. 1013இல் அவர் மறைந்தார் என்பர். நகரம் மண்மூடிக் கிடந்து, 1911இல் அகழாய்வு தொடங்கி, 2018இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு அறுவைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். 1497இல் வெனிசில் அது அச்சேறியது. 14ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் கி த ஷோலியாக் அவரைப் பல இடங்களில் மேற்கோள் காட்டினார். அரபு மூலமும் லத்தீனும் இணைந்த பதிப்பு 1778இல் ஆக்ஸ்ஃபோர்டிலும், ஆங்கில மொழிபெயர்ப்புடன் கூடிய பதிப்பு 1973இல் லண்டனிலும் வெளிவந்தன.

வயிற்றில் காற்று புகுவதை அஞ்சிய காலம் போய், வேண்டுமென்றே காற்றைச் செலுத்தும் காலம் 1901இல் தொடங்கியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் ஜார்ஜ் கெல்லிங், நாய் ஒன்றின் வயிற்றில் பஞ்சின் வழியே வடிகட்டிய காற்றைச் செலுத்தி, குழல்நோக்கியால் உள்ளே பார்த்துக் காட்டினார். அவர் 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் மீது நடந்த விமானக் குண்டுவீச்சில் மாண்டார். ஜெர்மனியின் எரிக் மூஹெ 1985இல் இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். 1990இல் மும்பையில் டாக்டர் தெஹம்தன் உத்வாடியா இந்தியாவில் அதனைத் தொடங்கிவைத்தார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரசுப் பெருமருத்துவமனைகளுக்குச் சென்றே எதையும் செய்ய வேண்டும் என்றிருந்த நிலை மாறி, அம்பத்தூரிலும் ஆவடியிலும் இவ்வறுவை இன்று அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. அன்றாட நிகழ்ச்சி ஆனதாலேயே அதைப் பற்றி வாய்திறந்து சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை போலும்.

என் தாயாரின் தோள்வலி மூன்றாம் நாள் மறைந்தது. பத்தாம் நாள் எழுந்து நடமாடிய அவர்கள் முதலில் செய்தது, அண்டை வீட்டுப் பெண்மணியை அழைத்து அமானிதப் பணத்தை எண்ணிக் கொடுத்ததுதான். அப்பெண்மணி இப்போது தேவையில்லை என்று மறுத்தும் கேட்கவில்லை. நான் அன்றிரவு காதில் வாங்கிய தொகையில் ஐந்நூறு ரூபாய் குறைவாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.